சர்க்காருக்கே ஜப்தி!

ஜப்தி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போவான். டிக்ரி வாங்குவான். ஒருநாள் காலையில் அமீனா வாசலில் வந்து நிற்பார். வெண்கல அண்டா போகும், கறவை மாடு போகும். கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போன வீடுகள் உண்டு. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அந்த அவமானம் பட்டவனுக்குத்தான் தெரியும்.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதே ஜப்தி இந்திய சர்க்காருக்கே வந்தது, தோழர்களே!

வந்த இடம் பாரிஸ் நகரம். அந்த நகரத்தில் இந்திய சர்க்காருக்குச் சொந்தமாகச் சுமார் 20 சொத்துக்கள் இருந்தன. பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள். மதிப்பு 2 கோடி யூரோவுக்கு மேல். ஒரு பிரெஞ்சுக் கோர்ட்டின் உத்தரவைக் கொண்டு வந்து அவற்றை முடக்கினார்கள். விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. அதற்கு இரண்டு மாதம் முன்பே நியூயார்க் கோர்ட்டில் இன்னொரு வழக்கு. ஏர் இந்தியா அன்று சர்க்கார் கம்பெனி. டாட்டா கைக்குப் போனது 2022 ஜனவரியில்தான். 'ஏர் இந்தியா என்பது இந்திய சர்க்காரின் இன்னொரு பெயர். ஆகவே சர்க்கார் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு ஏர் இந்தியா பொறுப்பு' என்று மனு. அந்த வழக்கு ஜெயித்திருந்தால் ஆகாய விமானங்களுக்கும் ஜப்திதான்.

இப்படித் துணிந்து வழக்குப் போட்டது எந்த வல்லரசு? அமெரிக்காவா? பிரிட்டனா? ஒரு வல்லரசும் இல்லை. ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரில் அன்று தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஓர் எண்ணெய்க் கம்பெனி. அன்றைய பெயர் கெய்ர்ன் எனர்ஜி.

நூற்றுநாற்பது கோடி ஜனங்களின் சர்க்கார் மீது ஒரு கம்பெனி எப்படி ஜப்தி கொண்டுவர முடிந்தது? இந்தக் கதையைத் தினசரிப் பத்திரிகைகள் வியாபாரப் பக்கத்தில், வக்கீல்களுக்கு மட்டும் புரிகிற பாஷையில் எழுதி முடித்துவிட்டன. ஆனால் இது வக்கீல்கள் விஷயம் அல்ல. யார் வார்த்தை இந்த நாட்டில் கடைசி வார்த்தை என்கிற விஷயம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வேறொரு கம்பெனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2007இல் ஹாங்காங் முதலாளியின் ஹட்சிசன் கம்பெனி, இந்தியாவில் தான் நடத்திவந்த டெலிபோன் தொழிலைப் பிரிட்டிஷ் வோடபோன் கம்பெனிக்கு விற்றது. விலை 1,100 கோடி டாலர். டெலிபோன் கோபுரம் இங்கே. பேசுகிறவன் இங்கே. காசு கட்டுகிறவனும் இங்கேதான். ஆனால் விற்பனைப் பத்திரத்தில் இந்தியாவே கிடையாது! விற்றது கேமன் தீவு என்ற ஒரு சின்னத் தீவில் பதிவான ஒரு காகிதக் கம்பெனியின் பங்கு. வாங்கியது நெதர்லாந்தில் பதிவான வோடபோனின் இன்னொரு கம்பெனி. நம் ஊர்ச் சந்தையில் ஒருவன் மாட்டை விற்றுவிட்டு, 'ஐயா, நான் மாட்டை விற்கவில்லை, கயிற்றைத்தான் விற்றேன். அந்தக் கயிறும் அடுத்த ஜில்லாவில் கிடக்கிறது. சந்தைச் சுங்கம் தரமாட்டேன்' என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

வருமானவரி இலாகா சுமார் 11 ஆயிரம் கோடி ரூபாய் கேட்டது. வோடபோன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிருந்த சட்டப்படி இந்த வரி செல்லாது என்றது. சரி, சட்டத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டியது பார்லிமெண்ட். அதே ஆண்டு பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. கயிற்றை விற்றாலும் மாட்டுக்கு வரி உண்டு என்றது. ஆனால் இனிமேல் நடக்கிற விற்பனைக்கு என்று சொல்லி நிறுத்தவில்லை. 1962இலிருந்தே அதுதான் சட்டத்தின் அர்த்தம் என்று முன்தேதியிட்டுத் திருத்தியது.

இந்த முன்தேதிச் சட்டத்தில்தான் கெய்ர்ன் கம்பெனியும் மாட்டிக்கொண்டது. ராஜஸ்தானில் பார்மேர் ஜில்லாவின் பாலைவனத்தில் 2004இல் அந்தக் கம்பெனி பெரிய எண்ணெய் ஊற்றைக் கண்டுபிடித்தது. 2006இல் தன் இந்தியச் சொத்துக்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, கெய்ர்ன் இந்தியா என்று புதுக் கம்பெனி அமைத்து, அதன் பங்குகளை நம் நாட்டுச் சந்தையில் விற்றது. கை மாறியது என்னவோ பார்மேர் எண்ணெய். ஆனால் காகிதத்தில் கைமாறியது ஜெர்சி என்ற ஆங்கிலக் கால்வாய்த் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. மறுபடியும் கயிறுதான்! இந்த லாபத்துக்கு 10,247 கோடி ரூபாய் வரி என்று இலாகா கணக்குப் போட்டது. கம்பெனி கட்ட மறுத்தது. அதன் கையில் மீதியிருந்த பங்குகளை இலாகா பிடித்து விற்றது. வரவேண்டிய லாப ஈவையும் பிடித்துக்கொண்டது.

இதுவரை நடந்தது சரியோ தப்போ, ஒரு நாட்டுக்குள் நடக்கிற வழக்கமான தகராறு. வரி கேட்டால் தகராறு வரும். கோர்ட்டுக்குப் போவார்கள். இந்தியக் கோர்ட் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்பெனிக்கு அந்த உரிமை இருந்தது. 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் நரசிம்மராவ் சர்க்கார் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று பெயர். இந்தியா இப்படிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் அதுதான் முதலாவது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்து நாடுகளோடு செய்துகொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு சரத்து. பிரிட்டிஷ் முதலாளிக்கும் இந்திய சர்க்காருக்கும் தகராறு வந்தால், முதலாளி சர்வதேச நடுவர்களிடம் போகலாம். மூன்று நடுவர்கள். ஒருவரைக் கம்பெனி நியமிக்கும், ஒருவரை சர்க்கார் நியமிக்கும், மூன்றாமவர் தலைவர். அவர்கள் சொல்வது முடிவு. இன்னொரு சரத்து: முதலீட்டாளரை 'நியாயமாகவும் சமமாகவும்' நடத்த வேண்டும். நல்ல வார்த்தைகள்தான்! ஆனால் எது நியாயம், எது சமம் என்று சொல்லப்போவது நம் கோர்ட் அல்ல, பார்லிமெண்டும் அல்ல. அந்த மூன்று பேர். ரப்பரை இழுப்பது போல எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

நெதர்லாந்து தேசத்து ஹேக் நகரில் வழக்கு நடந்தது. 2020 செப்டம்பரில் வோடபோனுக்கு ஜெயம். அது பிரிட்டிஷ் கம்பெனியாயிற்றே என்று கேட்கிறீர்களா? வசதிக்குத் தகுந்தபடி நெதர்லாந்து ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டது. தொழிலாளிக்குத்தான் ஒரு ரேஷன் கார்டு. கம்பெனிக்குப் பிறந்த தேசம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் கெய்ர்னுக்கும் ஜெயம். 120 கோடி டாலரும் அதற்கு மேல் வட்டியும் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கெய்ர்ன் தீர்ப்பு ஏகமனதான தீர்ப்பு. இந்தியா நியமித்த நடுவரும் அதில் சேர்ந்தே கையெழுத்திட்டார்.

வரி விதிப்பது சுதந்திர நாட்டின் உரிமை, அதை நடுவர்களிடம் விட்டுக்கொடுக்க நாங்கள் சம்மதிக்கவே இல்லை என்று நம் சர்க்கார் ஹேக் கோர்ட்டில் மேல் வழக்குப் போட்டது. சரியான வாதம். ஆனால் கம்பெனி காத்திருக்கவில்லை. 1958இல் நியூயார்க்கில் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கைப்படி இம்மாதிரித் தீர்ப்பை எந்த நாட்டுக் கோர்ட்டிலும் பதிவு செய்து சொத்தைப் பிடிக்கலாம். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், பிரான்ஸ் என்று ஊர் ஊராகப் பதிவு செய்தது. வெளிநாடுகளில் இந்தியாவுக்கு எங்கே என்ன சொத்து என்று ஜாபிதா எடுத்தது. ஜூலையில் பாரிஸ் வீடுகள் முடங்கின.

ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டத்தை வாபஸ் வாங்கியது! ஆகஸ்ட் 5இல் மசோதா வந்தது. 6ஆம் தேதி லோக்சபையில் கூச்சல் குழப்பத்துக்கு நடுவே நிறைவேறியது. 9ஆம் தேதி ராஜ்யசபை. நான்கு நாளில் காரியம் முடிந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் 7,900 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனியும் பதிலுக்கு வழக்குகளை வாபஸ் வாங்கியது. வந்த பணத்தில் 70 கோடி டாலர் வரை பங்குதாரர்களுக்குத் தரப்போவதாக அறிவித்தது. சட்டம் போட்டது காங்கிரஸ் சர்க்கார். வரியை வசூலித்ததும், பிறகு திருப்பிக் கொடுத்ததும் பா.ஜ.க. சர்க்கார்.

"முன்தேதி போட்டுச் சட்டம் செய்வது அநியாயமில்லையா? ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றலாமா?" என்று ஒரு ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்கிறேன். நேற்றுச் செய்த காரியத்துக்கு இன்று சட்டம் போட்டுப் பிடிப்பது நல்ல பழக்கமல்ல. கம்பெனியின் குறையில் ஓரளவு நியாயம் உண்டு. அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் பார்லிமெண்ட் ஒரு அநியாயச் சட்டம் போட்டால் அதை ரத்துச் செய்ய ஹைகோர்ட் இருக்கிறது, சுப்ரீம் கோர்ட் இருக்கிறது. அதே சுப்ரீம் கோர்ட்தானே 2012இல் வோடபோன் பக்கம் தீர்ப்புச் சொன்னது? நம் கோர்ட்டில் ஜெயித்தால் அந்தத் தீர்ப்பும் வேண்டும். தோற்பேனோ என்று பயம் வந்தால் ஹேக் நகரமும் வேண்டும் என்பது என்ன நியாயம்? உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு இரண்டாவது வாசல் உண்டா?

உண்டா இல்லையா என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலைத் தொழிலாளி. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். சங்கம் வைத்தார் என்பதற்காக வேறு காரணம் காட்டி டிஸ்மிஸ் செய்தார்கள். மில் பெயர் இங்கே வேண்டாம். லேபர் கோர்ட்டில் வழக்கு. வாய்தா மேல் வாய்தா. ஜெயித்தார். நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. மறுபடி வாய்தா. பதினான்கு வருஷம்! வழக்குப் போடும்போது அவர் மகளுக்கு மூன்று வயது. அவள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் சங்க ஆபீசுக்கு வந்த அன்று, வழக்கு இன்னும் லிஸ்டில் வரவில்லை. இத்தனை வருஷத் தாமதத்துக்கு யாராவது அவருக்கு நஷ்டஈடு கொடுத்தார்களா?

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தாமதத்துக்கு நஷ்டஈடு கொடுத்த கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்டிரீஸ் என்ற கம்பெனி 1989இல் நம் கோல் இந்தியாவோடு பிபர்வார் நிலக்கரிச் சுரங்க வேலைக்கு ஒப்பந்தம் செய்தது. தகராறு வந்து 2002இல் கம்பெனிக்குச் சாதகமாக ஒரு மத்தியஸ்தத் தீர்ப்புக் கிடைத்தது. கோல் இந்தியா கல்கத்தா ஹைகோர்ட்டில் தடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் அங்கேயே தூங்கியது. கம்பெனி என்ன செய்தது? முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் நடுவர்களிடம் போயிற்று. 'இந்தியக் கோர்ட்டுகளில் ஒன்பது வருஷமாக எங்கள் வழக்கு முடியவில்லை' என்றது. நியாயம் கேட்கச் சரியான வழி இருக்க வேண்டும் என்ற சரத்து இந்தியா குவைத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இருந்தது. ஆஸ்திரேலியக் கம்பெனி அந்த குவைத் சரத்தை இரவல் வாங்கிக்கொண்டது! நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2011 நவம்பரில் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இந்திய சர்க்கார் தர வேண்டும் என்று தீர்ப்பு.

ஒன்பது வருஷத் தாமதத்துக்கு ஒயிட் கம்பெனிக்கு 40 லட்சம் டாலர். பதினான்கு வருஷத் தாமதத்துக்கு நம் ஸ்பின்னிங் தோழருக்கு அடுத்த வாய்தா. ஒரே கோர்ட்டு, ஒரே தாமதம். ஆனால் நஷ்டஈடு வெளிநாட்டுக் கம்பெனிக்கு மட்டும்.

இந்த ஒப்பந்தங்களை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். 'முன்காலத்தில் கம்பெனிக்கும் நாட்டுக்கும் தகராறு வந்தால் பீரங்கிக் கப்பல் வந்தது, ஆட்சியே கவிழ்ந்தது. இப்போது மூன்று பேர் மேஜைமுன் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். இது முன்னேற்றமில்லையா?' இந்த வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. முன்காலம் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் இப்போது மாறியிருப்பது எது, மாறாதது எது என்று தெரியும். குவாதமாலா தேசத்தின் கதையைக் கேளுங்கள். விவசாயத் தொழிலாளர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டிய கதை.

குவாதமாலா மத்திய அமெரிக்காவில் ஒரு சின்னத் தேசம். நூற்றுக்கு இரண்டு நிலப்பிரபுக்கள் கையில் எழுபது பங்குக்கு மேல் விவசாய நிலம். எல்லோரையும்விடப் பெரிய நிலப்பிரபு ஓர் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி: யுனைடெட் ஃப்ரூட். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்தது. ரயில் பாதை அதன் பிடியில். கிழக்குக் கரைத் துறைமுகம் அதன் பிடியில். வைத்திருந்த நிலத்தில் பெரும்பகுதி தரிசு. வாழைக்கு நோய் வந்தால் மாற்று நிலம் வேண்டும் என்று கம்பெனி காரணம் சொன்னது. காரணம் இருக்கட்டும், சுற்றிலும் நிலமில்லாத குடியானவன் பட்டினி கிடந்தான்.

1950 தேர்தலில் ஹகோபோ அர்பென்ஸ் ஜனாதிபதியாக வந்தார். 1952 ஜூன் 17ஆம் தேதி நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்தார். பெரிய பண்ணைகளின் தரிசு நிலத்தை எடுத்து உழுகிறவனுக்குக் கொடுப்பது. சும்மா பிடுங்கவில்லை, 25 வருஷக் கடன் பத்திரமாக, மூன்று சதவீத வட்டியோடு நஷ்டஈடு. அர்பென்ஸின் சொந்த நிலமும் போயிற்று! சட்டத்தின் கீழ் நிலம் பெற்ற குடும்பங்கள் சுமார் ஒரு லட்சம்.

நஷ்டஈட்டுக்கு நிலத்தின் விலை எப்படிக் கணக்கிடுவது? இங்கேதான் அர்பென்ஸ் சர்க்காரின் சாமர்த்தியம். நிலவரி கட்டுவதற்காக நிலச் சொந்தக்காரனே என்ன மதிப்புச் சொல்லியிருக்கிறானோ, அதுதான் விலை. எவ்வளவு எளிய நியாயம்! நம் பண்ணைகளில் குத்தகை அளக்கும்போது ஒரு மரக்காலும் கூலி அளக்கும்போது வேறொரு மரக்காலும் வைத்திருந்த மிராசுதார்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். வரி கட்ட ஒரு மதிப்பு, விற்க ஒரு மதிப்பு என்பதும் அதே இரண்டு மரக்கால்தான். கம்பெனி வருஷக்கணக்காக மதிப்பைக் குறைத்துச் சொல்லி வரியை மிச்சம் பிடித்து வந்தது. 1953 மார்ச்சில் திக்கிசாத்தே பகுதியில் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கர் எடுக்கப்பட்டபோது, கம்பெனி சொன்ன மதிப்பையே வைத்து 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர் தருவதாக சர்க்கார் சொன்னது. ஏக்கருக்கு மூன்று டாலர். 'அநியாயம், 1 கோடியே 58 லட்சம் டாலர் வேண்டும்' என்று பதில் வந்தது. ஏக்கருக்கு 75 டாலர்! அந்தக் கோரிக்கைக் கடிதத்தை அனுப்பியது கம்பெனி அல்ல. அமெரிக்க வெளிநாட்டு இலாகா.

அன்று அந்த இலாகாவின் மந்திரி ஜான் பாஸ்டர் டல்லஸ். மந்திரியாவதற்கு முன் அவர் இருந்த வக்கீல் ஆபீஸ், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு வேலை செய்த ஆபீஸ். அவர் தம்பி ஆலன் டல்லஸ், சி.ஐ.ஏ. என்ற உளவு ஸ்தாபனத்தின் தலைவர். 1954 ஜூன் 18ஆம் தேதி, சி.ஐ.ஏ. பணமும் துப்பாக்கியும் கொடுத்துத் தயார் செய்த சில நூறு பேர் கொண்ட ஒரு கூலிப்படை ஹோண்டுராஸ் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. விமானங்கள் குண்டு போட்டன. பொய் ரேடியோ ஒன்று பெரும் படை வருவதாக முழங்கியது. ஜூன் 27இல் அர்பென்ஸ் ராஜினாமா செய்தார். குடியானவனுக்குக் கொடுத்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. கம்பெனிக்கு அதன் நிலம் திரும்பிற்று.

கம்பெனிக்காக மட்டுமே இது நடந்ததா, கம்யூனிஸ்ட் பயத்தால் நடந்ததா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: அர்பென்ஸ் விழுந்த சில நாட்களிலேயே அமெரிக்க சர்க்கார் இதே கம்பெனி மீது, தன் நாட்டு ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. அமெரிக்காவில் கம்பெனி சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். குவாதமாலாவில் சட்டம் கம்பெனிக்குக் கட்டுப்பட வேண்டும்! அந்தத் தேசம் பிறகு பட்ட பாடு பெரிது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சம் பேர் என்று 1999இல் உண்மை அறியும் கமிஷன் சொன்னது. 2011இல் குவாதமாலா சர்க்கார் அர்பென்ஸ் குடும்பத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

குண்டு போடுவதைவிட நடுவர் மன்றம் நல்லதுதான். அதில் சந்தேகமே இல்லை. கெய்ர்ன் வழக்கில் ஒரு உயிர் போகவில்லை. நடுவர்கள் எப்போதும் கம்பெனி பக்கம்தான் சொல்வார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். உருகுவே என்ற சின்ன நாடு சிகரெட் பெட்டியில் எண்பது சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொன்னது. பிலிப் மோரிஸ் கம்பெனி 2010இல் வழக்குப் போட்டு 2016இல் தோற்றது. நாட்டின் செலவுக்கு 70 லட்சம் டாலர் கொடுக்கவும் உத்தரவாயிற்று. ஆனால் ஆறு வருஷம் வழக்காட உருகுவேக்கு ஓர் அமெரிக்கக் கோடீசுவரரின் தர்ம ஸ்தாபனம் பண உதவி செய்ய வேண்டியிருந்தது. அந்த உதவி கிடைக்காத நாடு என்ன செய்யும்? எச்சரிக்கைப் படத்தைச் சின்னதாக்கும். வழக்கே போட வேண்டாம், வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலே போதும்.

மாறியது எது என்று கேட்டால், கூலிப்படை போய்க் காகிதம் வந்தது. மாறாதது எது? நாட்டின் சட்டம் பிடிக்காவிட்டால் நாட்டுக்கு வெளியே ஒரு மேல் இடத்தில் போய் அதை மாற்றிக்கொள்ளலாம் என்ற கம்பெனியின் ஏற்பாடு மாறவில்லை. 1954இல் அந்த மேல் இடம் வாஷிங்டன். 2021இல் ஹேக்.

இந்த அடிகளுக்குப் பிறகு நம் சர்க்காருக்குப் புத்தி வராமல் இல்லை. ஒயிட் தீர்ப்புக்குப் பின் பயந்துபோய்ப் பழைய ஒப்பந்தங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். 2016இல் புது மாதிரி ஒப்பந்தம் தயாரித்தார்கள். அந்த ஆண்டே 58 நாடுகளுக்குப் பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தார்கள். நல்லது செய்தால் நல்லது என்றே சொல்வோம். புது மாதிரியில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, வரிச் சட்டங்கள் நடுவர்களின் அதிகாரத்துக்கு வெளியே. இரண்டு, எந்த வெளிநாட்டு முதலாளியும் முதலில் இந்தியக் கோர்ட்டுகளில் ஐந்து வருஷம் முயற்சி செய்த பிறகுதான் நடுவர்களிடம் போகலாம். (முடித்துக்கொண்டோம் என்பதால் பழசு உடனே செத்துப்போகவில்லை. முன்பே வந்த முதலீட்டுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் பாதுகாப்பு நீடிக்கும் என்று பிரிட்டன் ஒப்பந்தம் உட்பட அவற்றிலேயே ஒரு வால் சரத்து இருந்தது.)

வந்த புத்தி நிலைத்ததா? 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு நாடுகளோடு புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து வருஷம் மூன்று வருஷமாயிற்று. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட் பிரசங்கத்தில், மாதிரி ஒப்பந்தத்தையே முதலீட்டாளருக்கு அனுகூலமாக மாற்றியமைக்கப் போவதாக நிதி மந்திரி அறிவித்தார்.

மூன்று வருஷம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒயிட் கம்பெனியின் வழக்கு ஒன்பது வருஷமாகியும் முடியவில்லை. நம் தோழர் வழக்கு பதினான்கு வருஷமாகியும் லிஸ்டில் வரவில்லை. எந்த இந்தியக் கோர்ட்டில் மூன்று வருஷத்தில் கடைசித் தீர்ப்பு வருகிறது? ஆக, இந்தியக் கோர்ட்டில் முதலில் முயற்சி செய் என்ற சரத்து வெறும் சடங்கு. ஒரு மனுவைப் போட்டுவிட்டு மூன்று வருஷம் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தால் போதும், வெளி வாசல் திறந்துவிடும். வரிச் சட்டங்களுக்கு இருக்கிற விலக்கும் 'அனுகூலமாக மாற்றுவதில்' போய்விட்டால், 2021இல் பார்த்த கூத்து மறுபடி நடக்கத் தடை என்ன?

இதையெல்லாம் ஒரு கிராமக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடவு முடிந்து வந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் தோழரே, நாம ஓட்டுப் போட்டு அனுப்பின மெம்பருங்க இந்த ஒப்பந்தத்துக்குக் கை தூக்கித்தானே இருப்பாங்க? அப்போ அவங்களைத்தானே கேக்கணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் கை தூக்கவில்லை. தூக்கும்படி யாரும் கேட்கவே இல்லை. நம் நாட்டில் வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்ய மந்திரி சபைக்கே அதிகாரம். பார்லிமெண்டின் சம்மதம் தேவையில்லை. பார்லிமெண்ட் ஓட்டெடுத்து நிறைவேற்றிய வரிச் சட்டத்தை 2021இல் மண்டியிட வைத்த 1994 ஒப்பந்தம், பார்லிமெண்டில் ஓட்டுக்கே வராத ஒப்பந்தம்!

அந்த அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஒரு ரோட்டுக்கே கிராம சபையில தீர்மானம் போடச் சொல்றாங்களே" என்றார்.

ஆகவே மாதிரி ஒப்பந்தத்தைத் திருத்துவதானால் திருத்தின நகலை முதலில் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். வரி, நிலம், தொழிலாளர் சட்டம் மூன்றையும் எந்த வெளி நடுவரும் தொடக் கூடாது என்று அதில் எழுத வேண்டும். ஒவ்வொரு நாட்டோடும் கையெழுத்தாகும் முன் மெம்பர்கள் ஓட்டெடுக்க வேண்டும். உங்கள் தொகுதி மெம்பர் ஊருக்கு வரும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். 1994 ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.